ஆறாம் முடிச்சு

படகின் இயந்திரச் சத்தம் பாறைகளுக்கு அப்பால் தேய்ந்து மறைந்தபோது மணி எட்டரை. ரத்த வங்கியைச் சேர்ந்த எட்டுப் பேரும், நீருக்குள் பார்க்கச் சொல்லித் தரும் வழிகாட்டியும் மணலில் நின்றார்கள். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நான்காவது பக்கம் கடல். அந்தக் கடலிலும் ஒரு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் பவளத்திட்டு ஒன்று மதில் போலக் குறுக்கே கிடந்தது. மதிலுக்கு ஒரே வாசல். ஒரு படகு உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அகலம். நீர் ஏறியிருக்கும்போது வாசல் திறந்திருக்கும். நீர் வற்றினால் பவளத்தின் பற்கள் மேலே தெரியும். அப்புறம் படகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

"பத்து மணிக்குக் கதவு சாத்திடும். சாயங்காலம் அஞ்சுக்குத்தான் திறக்கும். நடுவுல யாருக்காவது வீட்டு ஞாபகம் வந்தா, கண்ணை மூடிக்கிட்டு நினைச்சுக்க வேண்டியதுதான்," என்று படகுக்காரர் இறக்கிவிடும்போதே சொல்லியிருந்தார். கைப்பேசிகளை எல்லாம் வாங்கித் தம் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டார். "இங்க அது வெறும் கண்ணாடித் துண்டு. சிக்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணில விழுந்தா கண்ணாடித் துண்டும் இல்ல."

பாறை வழியே ஏறிப் போக முன்பு ஓர் ஒற்றையடிப் பாதை இருந்ததாம். சென்ற மழையில் அது பாதியில் அறுந்து விழுந்துவிட்டதாம்.

"இன்னைக்கு ரத்தம்ங்கிற வார்த்தையையே யாரும் எடுக்கக் கூடாது!" என்று பொறுப்பு மருத்துவர் முழங்கால் சட்டையோடு அறிவித்தார். உல்லாசப் பயணம் அவருடைய ஏற்பாடு. "எடுத்தா அவங்க தலையில ஒரு வாளி உப்புத் தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள், மூத்த பரிசோதகியைத் தவிர. அவளுக்கு இங்கே வர விருப்பமே இல்லை. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், ஏழோடு நின்றது, எட்டாவதாக அவளை இழுத்துப் போட்டார்கள். விடியற்காலையில் புறப்பட வேண்டும் என்பதற்காக, முந்தின நாள் மாலையே மறுநாள் பைகளுக்கான சோதனையை முடித்துவிட்டு வந்திருந்தாள். பதினெட்டு ஆண்டு வேலையில் அவள் ஒரு பிழை விட்டதாக யாரும் சொல்ல முடியாது. பிறர் விட்ட பிழை அவள் கண்ணுக்குத் தப்பியதாகவும் சொல்ல முடியாது. அவள் முதுகுக்குப் பின்னால் அவளை "ஸ்கேல்" என்று அழைத்தார்கள். அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நம்பினார்கள், அது உண்மையும்கூட.

எட்டுப் பேரில் ஒருத்தி அவளோடு பேசுவதில்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து, ஒரே சோற்று டப்பாவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தோழி இரண்டு குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரி செய்தாயிற்று; யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் மூத்த பரிசோதகி அதை மூன்று பக்கத்துக்கு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். இப்போது தோழி பொருள் அறையில் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது: ஸ்டோர்காரி.

வழிகாட்டி ஒரு நீளக் கயிற்றை மணலில் விரித்தார். அதில் ஆளுக்கு ஒன்றாக எட்டு முடிச்சுகள்.

"முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சுட்டா நான் கத்தறது உங்களுக்குச் சரியா கேக்காது. அதனால ஆளுக்கொரு முடிச்சு. என் கைக்குப் பக்கத்துல இருக்கறது ஒண்ணு. கடைசி எட்டு. நான் பேரு கூப்பிட மாட்டேன், எண்தான் கூப்பிடுவேன். அவங்கவங்க எண்ணை மறக்காதீங்க."

மூத்த பரிசோதகிக்கு மூன்றாம் முடிச்சு வாய்த்தது.

கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்தாள். கீழே ஓர் உலகம் அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. மூளை போல மடிந்த பவளம், விரல்களாக விரிந்த பவளம், அவற்றுக்கு நடுவே விலைச்சீட்டு ஒட்டாத நகைக்கடை போல மீன்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் மூச்சு குழாயில் போய்வரும் ஓசை மட்டும் காதை அடைத்தது. ஒரு பெட்டிக்குள் படுத்துக்கொண்டு மூடியின் ஓட்டை வழியே உலகத்தைப் பார்ப்பது போல.

இப்படியே மதில் வரைக்கும் போனார்கள். அங்கே வழிகாட்டி கயிற்றின் முனையை விட்டுவிட்டு, சுற்றி நீந்தி வந்து, மறுமுனையைப் பிடித்து அவர்களைக் கரைப்பக்கமாக இழுக்கத் தொடங்கினார்.

"ஆறு! காலை மடக்குங்க, பவளம் உடையுது!"

யாரும் அசையவில்லை.

"ஆறு! ஊதாச் சட்டை! உங்களைத்தாம்மா!"

யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். அவள் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினாள். "நான் மூணு."

"போகும்போது மூணு. இப்ப நீங்க ஆறு."

"அதே முடிச்சைத்தானே பிடிச்சிருக்கேன்?"

"முடிச்சு அதேதாம்மா. முனை மாறிடுச்சுல்ல? இந்தப் பக்கத்துலேருந்து எண்ணினா மூணு ஆறாயிடும், ஆறு மூணாயிடும். வந்தவங்க எல்லாருக்கும் இதே குழப்பம்தான்."

அவர் சிரித்துவிட்டு இழுத்துக்கொண்டே போனார். அவள் முகத்தை மறுபடி நீரில் வைத்தாள். ஆனால் மீன் ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் மாலை தன் மேசைமேல் துள்ளி விழுந்த ஒரு பிளாஸ்டிக் பட்டைதான் தெரிந்தது.

ஈரலைக் கெடுக்கும் கிருமிக்கான சோதனை ஒரு தட்டில் நடக்கும். தட்டு என்பது வெறும் சட்டம். அதில் பன்னிரண்டு பட்டைகளைச் செருகியிருப்பார்கள். பட்டை ஒவ்வொன்றிலும் எட்டுச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ரத்தப் பையிலிருந்து எடுத்த ஒரு சொட்டு. குழியில் எண் எழுத இடமில்லை. எது யாருடையது என்பது அது இருக்கும் இடத்தைக் கொண்டுதான். சோதனை முடிவில் கிருமி உள்ள குழி மஞ்சளாகும். மற்றவை தண்ணீர் போல இருக்கும்.

நேற்று மாலை, குழிகளைக் கழுவித் தட்டைக் கவிழ்த்துத் தட்டியபோது, கடைசிப் பட்டை கழன்று மேசையில் விழுந்தது. எடுத்துச் செருகினாள். பட்டையின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு காது நீட்டிக்கொண்டிருக்கும். தலை எது, வால் எது என்று அதுதான் சொல்லும். விழுந்த பட்டையில் அந்தக் காது ஒடிந்திருந்தது. கழன்ற பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஆனால் இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும், விடியற்காலையில் படகு. கைக்குப் பழக்கம் உண்டு, கை தவறாது என்று எண்ணிக்கொண்டாள்.

அந்தப் பட்டையில் ஒரே ஒரு குழி மஞ்சளானது. ஆறாவது. ஆறாம் பையைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். மற்ற ஏழும் நல்ல பை என்று குளிர்பெட்டிக்குள் போயின. இன்று காலை படகுக்கு வரும் வழியில் மருத்துவர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பட்டையைத் தலைகீழாகச் செருகியிருந்தால் மஞ்சள் ஆறாவது இல்லை. மூன்றாவது.

மூன்றாம் பை யாருக்கென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபது நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் ஏழு வயதுச் சிறுமி; எளிதில் கிடைக்காத ரத்த வகை. "பெட்ரோல் போட வந்திருக்கேன்" என்று வாசலிலேயே அறிவிப்பாள். இன்று அவளுடைய முறை. மதியம் இரண்டு மணிக்கு ஊசியைக் குத்துவார்கள்.

கரைக்கு வந்ததும் மூத்த பரிசோதகி கயிற்றை விட்டுவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். வழிகாட்டியின் கைக்கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. கடலைப் பார்த்தாள். வாசலின் இரு பக்கமும் பவளம் பழுப்பாய் நீட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நேராகவே செருகியிருப்பாய், பதினெட்டு வருஷத்துக் கை. அந்தக் கணத்தை நினைவில் பிடித்து நிறுத்த முயன்றாள். இடக்கை பட்டையை எடுக்கிறது, வலக்கை சட்டத்தைப் பிடிக்கிறது, கடிகாரத்தைப் பார்க்கிறாள். கடிகாரம் மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

அதைவிடக் கேவலமான ஓர் எண்ணம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இது யாருக்கும் தெரிய வராது. திங்கட்கிழமை ஆறாம் மாதிரியை மறுபடி சோதிப்பார்கள். சுத்தம் என்று வரும். முதல் முறை வந்தது பொய் நிறம் என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். அப்படி நடப்பது உண்டு. சிறுமியின் ஈரல் கெட்டுப்போனதாகப் பல மாதம் கழித்துத் தெரியும்போது, அதுவரை ஏற்றிய நூறு பைகளில் எது என்று யார் தேடுவார்கள்?

எழுந்தாள். பாறைச் சரிவில் அறுந்த பாதை தொடங்கும் இடத்துக்குப் போய் ஏற ஆரம்பித்தாள். நான்கு ஆள் உயரம் ஏறியதும் கால் வைக்க இடமில்லை. மேலே வழுவழுவென்று மண் சரிந்த சுவர். உள்ளங்கை சிராய்ந்ததுதான் மிச்சம். இறங்கி வந்தபோது கீழே ஸ்டோர்காரி நின்றிருந்தாள்.

"என்ன, மலையேற்றமும் உண்டா?" இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே."

"நேத்து கடைசி ஸ்ட்ரிப் கழண்டு விழுந்துச்சு. திரும்பச் செருகினேன்."

ஸ்டோர்காரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "காது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஒடிஞ்சிருந்துச்சு."

"தூக்கிப் போடலையா?"

"இல்ல."

"நீயா? தூக்கிப் போடலையா?" ஸ்டோர்காரி அவளை உற்றுப் பார்த்தாள். "மஞ்சள் எது?"

"ஆறு. அப்படின்னா மூணா இருக்கலாம். மூணு அந்தப் பெட்ரோல் குட்டிக்கு."

ஸ்டோர்காரி அவளுடைய சிராய்ந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கேக்கவா?"

"எனக்கே தெரியலடி. உனக்குத்தான் சொன்னதும் புரியும்னு தோணுச்சு."

"எனக்குப் புரியுது," என்றாள் ஸ்டோர்காரி. "நான் செஞ்சப்ப உனக்குத்தான் புரியல." சொல்லிவிட்டு, "வா, டாக்டர்கிட்ட போகலாம்," என்று முன்னால் நடந்தாள்.

மருத்துவர் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். முழுதும் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க தப்பு பண்ண மாட்டீங்கம்மா. வெயில்ல தலை சுத்தியிருக்கும். ஒரு வாய் தண்ணி குடிங்க."

"டாக்டர், வழிகாட்டிகிட்ட வாக்கி-டாக்கி இருக்கு. கரைக்குச் சொல்லிப் பையை நிறுத்தணும்."

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஸ்ட்ரிப் தலைகீழா இருந்துச்சுன்னு நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமில்லை."

"பார்த்தீங்களா!"

"நேரா இருந்துச்சுன்னும் நிச்சயமில்லை. அதனாலதான் நிறுத்தணும்கிறேன்."

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வாக்கி-டாக்கில பேசறது இந்தக் கரையில உள்ள அத்தனை படகுக்கும் கேக்கும். ரத்த வங்கி கெட்ட ரத்தம் கொடுக்குதுன்னு சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் பேச்சாயிடும். நாளைக்கு எவன் ரத்தம் கொடுக்க வருவான்? அஞ்சு மணிக்குப் படகு வந்ததும் நானே போன் பண்றேன்."

"அஞ்சு மணிக்குப் பை காலியாயிருக்கும்."

"வார்டுல பொருத்தம் பார்ப்பாங்க இல்ல?"

"பொருத்தம் பார்த்தா வகைதான் தெரியும். கிருமி தெரியாது. உங்களுக்குத் தெரியாததா, டாக்டர்?"

அவர் துண்டின் மணலைத் தட்டினார். கையெழுத்து அவருடையதும்தான், அந்த நினைவு அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி தள்ளி நின்று தலையைச் சொறிந்தார். "ஆள் மூழ்கினா, பாம்பு கடிச்சாத்தான் இதுல பேசலாம்னு உத்தரவுங்க. குழுத் தலைவர் சொன்னா வேற விஷயம்."

எல்லோரும் மருத்துவரைப் பார்த்தார்கள். ஸ்டோர்காரிதான் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், நான் ரெண்டு சீட்டை மாத்தி ஒட்டினதுக்கு மூணு பக்கம் போச்சு. அடியில நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாத தப்புக்கு மூணு பக்கம். இதுக்கு மூணு வாக்கியம் பேசக் கூடாதா?"

மருத்துவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை அசைத்தார். "பேசச் சொல்லுங்க. என் பேர் மட்டும் வேண்டாம்."

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் வேறொரு தடை இருந்தது. கரையிலிருந்து பேசினால் பாறை குரலை விழுங்கிவிடும். மதில் வாசலின் ஓரத்தில் உள்ள குத்துப் பாறையில் ஏறி நின்றால்தான் அந்தப் பக்கம் கேட்கும்.

"நான் போய்ச் சொல்லிடறேன், என்ன சொல்லணும்னு சொல்லுங்க," என்றார் வழிகாட்டி.

"பை எண், மாதிரி எண், எதை நிறுத்தணும், எதை மறுபடி சோதிக்கணும். அவங்க திருப்பிக் கேள்வி கேட்டா?"

"எனக்கு மீன் பேரே பாதிதாங்க தெரியும்."

"நானே வரேன்."

"தண்ணி இப்ப வெளியே இழுக்குது. போறது சுலபம். நீர் ஓயற வரைக்கும் திரும்பி வர முடியாது. பாறை மேலயே இருக்கணும்."

"இருக்கேன்," என்றாள்.

மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னே போனாள். அவர் சொன்னது சரிதான். கால் அசைப்பதற்கு முன்பே நீர் அவளை வாசலை நோக்கித் தள்ளியது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கு எரிந்தது. பாறையைத் தொட்டபோது முழங்கால் கிழிந்தது. மேலே ஏறி நின்றால் நான்கு அடி அகலம். ஒரு பக்கம் கொந்தளிக்கும் வாசல், மறு பக்கம் தொடுவானம் வரை வெறும் கடல்.

வழிகாட்டி உறையிலிருந்து கருவியை எடுத்தார். அது இரைந்தது.

"கரை, கரை. திட்டுப் பாறையிலேருந்து பேசறேன்."

"யாரு மூழ்கிட்டாங்க?" படகுக்காரர் குரல்.

"யாரும் மூழ்கல. ஒரு அம்மா பேசணுமாம்."

அவள் வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். ரத்த வங்கியின் தொலைபேசி எண்ணைச் சொன்னாள். பையின் கடைசி எண்களைச் சொன்னாள்: நான்கு, ஒன்று, ஏழு. "அந்தப் பையை யாருக்கும் ஏத்தக் கூடாது. சோதனையில தப்பு நடந்திருக்கலாம். மூத்த பரிசோதகி சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"பேப்பர் இல்லம்மா, கையில எழுதிக்கிட்டேன். இருங்க."

இருந்தாள். அலை பாறையின் இடுப்பில் மோதிக்கொண்டிருந்தது. கருவி மறுபடி இரைந்தது.

"அவரு சிரிக்கிறாரும்மா."

"யாரு?"

"போனை எடுத்தவரு. 'ஸ்கேல் அக்காவாவது தப்பு பண்றதாவது, பிக்னிக் போன இடத்துல விளையாடாதீங்க'ன்றாரு. டாக்டர் கையெழுத்து இருக்காம், காரணம் எழுதாம பையை நிறுத்தினா ஸ்கேல் அக்கா தோலை உரிச்சுடுவாங்களாம்." சற்று நிறுத்தி, "ஸ்கேல்னா யாரும்மா?"

அந்தக் கரையில் இருந்த அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை அவள் கேட்பது இதுவே முதல் முறை; யாரைச் சொல்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

"நான்தான்," என்றாள்.

இரைச்சல். யாரோ, எங்கோ ஒரு படகில், களுக்கென்று சிரித்தது கேட்டது.

"போன்ல இருக்கறது டீதானே? குரல் அடைச்ச மாதிரி இருக்குமே?" பணியிலிருந்த உதவியாளர் எப்போதும் தேநீர்க் குவளையோடு இருப்பார்; அவருடைய பட்டப்பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். "நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சொல்லுங்க. சோதனை மேசை மேல வச்சிருக்கற டம்ளரை உடனே எடு. எடுத்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடை. பக்கத்து நாற்காலி மேல தூக்கிப் போட்டிருக்கற காலைக் கீழே இறக்கு. இறக்கிட்டுக் காதைத் திறந்து கேளு."

படகுக்காரர் அதே தொனியில் ஒப்பிப்பது லேசாகக் காதில் விழுந்தது.

"எழுந்து நின்னுட்டாரும்மா. நாற்காலி விழுந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. அக்காதான், அக்காதான்றாரு."

"காரணம் எழுதிக்கச் சொல்லுங்க. கழண்டு விழுந்த பட்டையை விதிப்படி எறியாம, மூத்த பரிசோதகி மறுபடி செருகினாள். தலைகீழாகச் செருகியிருக்கலாம். தவறு அவளுடையது. எழுதிட்டாரா?"

"எழுதறாரு... அம்மா, அந்தப் பை அங்க இல்லையாம். வார்டுல சீக்கிரமே கேட்டாங்கன்னு பன்னிரண்டு மணிக்கே கொடுத்தாச்சாம்."

வழிகாட்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து.

"ஓடச் சொல்லுங்க. போனை வைக்க வேண்டாம், அப்படியே போட்டுட்டு ஓடச் சொல்லுங்க!"

"ஓடிட்டாரு."

அதற்குப் பிறகு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நான்கு அடிப் பாறை; முன்னால் ஒரு பெட்டி இரைந்துகொண்டிருந்தது. உட்காரவும் தோன்றவில்லை. வார்டுக்குப் போகும் படிக்கட்டுகளை மனத்துக்குள் ஏறினாள்: பதினெட்டுப் படி, திருப்பம், பதினெட்டுப் படி, நீளத் தாழ்வாரம், கடைசிக் கதவு. டீக்கு மூச்சிரைக்கும். முழங்காலில் வலி உள்ள மனிதர். மறுபடி முதல் படியிலிருந்து ஏறினாள். நான்காம் முறை ஏறிக்கொண்டிருந்தபோது கருவி பேசியது.

"பை அவரு கையில இருக்காம்மா."

"குழாய் மாட்டியாச்சா?"

"இல்லையாம். நர்ஸம்மா குளிர் போகட்டும்னு மேசை மேல வச்சிருந்தாங்களாம். குழந்தைதான், 'என் பெட்ரோலை எங்க தூக்கிட்டுப் போறீங்க'ன்னு அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடலையாம்."

"பை மேல உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லுங்க."

"நாலு. ஒண்ணு. ஏழு."

அப்போதுதான் உட்கார்ந்தாள். எட்டு மாதிரிகளையும் புதுப் பட்டையில் மறுபடி சோதிக்கச் சொன்னாள். கருவியை வழிகாட்டியிடம் கொடுத்தாள்.

நீர் ஓய்ந்தபின் கரைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் வரை மருத்துவரைத் தவிர யாரும் அவளிடம் நேராகப் பேசவில்லை. முதுகுக்குப் பின்னாலும் பேசவில்லை. அதுதான் புதிது. சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மருத்துவர் மணலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். ஒருமுறை அருகே வந்து, "எல்லாம் சரியா இருந்துச்சுன்னு வந்தா சிரிப்பா சிரிக்கப் போறாங்க," என்றார். அப்படிச் சிரிக்கும்படி ஆகிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு மதில் வாசலில் படகின் மூக்கு தெரிந்தது. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளங்கையைக் கண்ணுக்கு எதிரே பிடித்து, அதில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஆறு, தண்ணி மாதிரி. மூணு, மஞ்சள். ரெண்டு தடவை பார்த்தாராம். மூணுதான் மஞ்சள்."

ஒவ்வொருவராக ஏறினார்கள். மருத்துவர் பலகையில் உட்கார்ந்து, "நல்லவேளை," என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார். பிறகு, "நாளைக்கு நானும் எழுதித் தரேன். கையெழுத்து என்னுடையதும்தான்," என்றார், கடலைப் பார்த்தபடி.

"அது இருக்கட்டும் டாக்டர்," என்றாள் மூத்த பரிசோதகி. "குழந்தைக்கு இன்னும் ரத்தம் ஏறல. அந்த வகையில வேற பை இல்ல."

ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் பிறந்தநாளை மறப்பார்கள். ரத்த வகையை மறக்க மாட்டார்கள். படகில் இருந்த எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்றாள் ஸ்டோர்காரி. "தெரியும், தெரியும். நான் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. இன்னைக்கே எடுத்துக்குங்க, காலையில ஏத்திடலாம்." பிறகு மூத்த பரிசோதகியை நேராகப் பார்த்தாள். "ஆனா என் பையை நீ சோதிக்கக் கூடாது. நானே சோதிப்பேன்."

"தன் ரத்தத்தைத் தானே சோதிக்கக் கூடாது. விதி இருக்கு."

ஸ்டோர்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "நீ திருந்தவே மாட்டேடி. அப்ப டீ பண்ணட்டும்."

"பண்ணட்டும். அவன் முடிக்கற வரைக்கும் நான் கதவுக்கு வெளியில நிக்கறேன்."

"கண்ணாடி வழியா எட்டிப் பார்க்க மாட்டியே?"

"மாட்டேன்."

ஸ்டோர்காரி அவளை நம்பியதாகத் தெரியவில்லை. படகு வாசலில் ஏறி இறங்கியது. எல்லோரும் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து நீர் அமைதியானதும், ஸ்டோர்காரி ஈரச் சட்டையின் கையைச் சுருட்டி, முழங்கையை மடக்காமல் அவள் மடியில் வைத்தாள்.

"நரம்பு கிடைக்குதான்னு பாரு. உப்புத் தண்ணில ஊறிப்போயிருக்கு. ஊசி நீதான் குத்தணும், மத்தவங்க குத்தினா ஒரு வாரம் கன்னிப்போயிடுது."

மூத்த பரிசோதகி சிராய்ந்த கையால் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் தேடத் தொடங்கினாள்.